யாருடைய சாயல் என்று கேட்டால் என்ன சொல்வது?

புதுவை முத்தியால்பேட்டையிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். வயது 24, பகலில் கணக்கர் வேலை, இரவில் பாட்டு. நீங்களே எழுதி, மெட்டமைத்து, கிதாரை வைத்துக்கொண்டு பாடிய பதினொரு பாட்டுகள் கையில் இருக்கின்றன. உள்ளூர் வானொலி ஒன்றில் அரை மணி நேரம் பேச அழைத்திருக்கிறார்கள். யாருடைய தாக்கம் உங்களிடம் உண்டு, உங்கள் லட்சியம் என்ன, அடுத்த திட்டம் என்ன என்று மூன்று கேள்விகளை முன்கூட்டியே அனுப்பிவிட்டார்கள். உங்கள் பாட்டைக் கேட்டவர்களெல்லாம் "இது இன்னார் பாட்டு மாதிரியே இருக்கிறதே" என்கிறார்கள். முதல் கேள்விக்கு உண்மையைச் சொன்னால் நகல் என்பார்கள், மறைத்தால் மாட்டிக்கொள்வேன், என்ன சொல்வது என்று கேட்கிறீர்கள். கூடவே, வேலையை விட்டுச் சென்னைக்குப் போகலாமா, பாட்டுகளை எடுத்துக்கொள்கிறோம் என்று ஒரு நிறுவனம் சொல்கிறதே, கொடுக்கலாமா என்றும் இரண்டு சந்தேகங்கள்.

பேட்டியில் என்ன சொல்வது என்பது சின்ன விஷயம். எனக்கென்று ஒரு குரல் இருக்கிறதா, இல்லையா என்றுதான் நீங்கள் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். நான் அண்ணாமலை நகரில் வாய்ப்பாட்டு படித்தவன். கடலூர் மஞ்சக்குப்பத்தில் 26 ஆண்டுகளாகப் பாட்டு சொல்லிக்கொடுக்கிறேன். வீட்டின் பின்கட்டில் ஒரு சிறிய ஒலிப்பதிவு அறையும் உண்டு. சொந்தப் பாட்டோடு வந்த பிள்ளைகளை நூற்றுக்கும் மேல் பார்த்திருப்பேன். உங்கள் பாட்டு ஒன்றைக்கூட நான் கேட்டதில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆகவே குரல் இருக்கிறதா என்பதற்கு நேரடியான பதில் என்னிடம் கிடையாது. சாயல் எங்கிருந்து வருகிறது என்பதைப் பற்றி மட்டும் ஓரளவு உறுதியாகப் பேச முடியும்.

சாயல் மெட்டில் இருப்பதாகத்தான் எல்லாரும் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் அது பெரும்பாலும் வார்த்தை தாளத்தின் மேல் உட்காரும் விதத்தில் இருக்கிறது. கிதாரில் தொடங்குகிறவர்கள் முதலில் சுர அடுக்குகளை, அதாவது கார்டுகளைப் பிடிக்கிறார்கள், அதன் மேல் ஒரு முணுமுணுப்பு வருகிறது, கடைசியில் அந்த முணுமுணுப்புக்குள் தமிழை ஊற்றுகிறார்கள். அந்த முணுமுணுப்பு பெரும்பாலும் ஆங்கிலப் பாட்டின் அச்சில் வந்தது. அங்கே வரியின் கடைசி அசை பல சமயம் கனமானது. அதை நீட்டலாம், அதன் மேல் குரலை ஏற்றலாம். தமிழில் காற்று, நேற்று, பாட்டு, கிணறு என்று எத்தனையோ சொற்கள் குற்றியலுகரத்தில் முடிகின்றன. அந்த உகரத்துக்கு இலக்கணம் கொடுத்திருப்பது அரை மாத்திரைதான். அதைப் பிடித்து நான்கு எண்ணிக்கைக்கு இழுத்தால் "காற்றூ" என்று ஆகிவிடுகிறது. கேட்பவருக்கு ஏனென்று சொல்லத் தெரியாது, எங்கோ கேட்டது மாதிரி இருக்கிறது என்று மட்டும் தோன்றும். அவர் சொல்லும் "இன்னார் மாதிரி" பல சமயம் இதுதான்.

குறிலையும் நெடிலையும் பற்றியும் சொல்லியாக வேண்டும். என்னிடம் வந்த ஒரு பையன் பிரிவைப் பற்றி நல்ல பாட்டு ஒன்று எழுதியிருந்தான். உச்சியில் காதலி "விடு" என்று சொல்லிவிட்டுப் போகிறாள். அந்த "வி" மீது அவன் ஒரு முழு ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்று நின்றான். பதிவைத் திருப்பிப் போட்டுக் கேட்டால் அவள் "வீடு, வீடு" என்று கதறிக்கொண்டிருந்தாள். உருக்கமான பிரிவுப் பாட்டு வாடகைத் தகராறு ஆகிவிட்டது. குறிலை நீட்டவே கூடாது என்று சொல்ல வரவில்லை. நம் கீர்த்தனைகளிலும் நீட்டுகிறார்கள், ஆனால் பொருள் கெடாத இடமாகப் பார்த்து நீட்டுகிறார்கள். உங்கள் பதினொரு பாட்டுகளையும் மெட்டில்லாமல் ஒரு முறை சத்தமாகப் படியுங்கள். வாய் இயல்பாக எங்கே நிற்கிறது, மெட்டு எங்கே நிற்கிறது என்று பென்சிலால் குறியுங்கள். இரண்டும் முட்டிக்கொள்ளும் இடங்களைச் சரிசெய்தாலே பாதிச் சாயல் உதிர்ந்துவிடும். நான் பார்த்தவரை இது தவறியதில்லை.

அடுத்தது எதுகை. "நேற்று வந்த மழையில் நின்று உன்னை நினைக்கிறேன், காற்றில் ஆடும் கொடியைப் போல நானும் துடிக்கிறேன்" என்று ஒரு மாணவி எழுதிக்கொண்டு வந்தாள். அவள் பெருமைப்பட்டது கடைசியில் வரும் கிறேன், கிறேன் பொருத்தத்துக்காக. தமிழில் அது உழைக்காமல் வருகிற கூலி. "நான்" என்று சொல்லும் நிகழ்கால வினைமுற்றுகள் எல்லாம் அப்படித்தான் முடியும், யார் எழுதினாலும் பொருந்தும். அதனால்தான் எல்லாருடைய பாட்டும் ஒன்று போல் கேட்கிறது. அவள் கவனிக்காமல் விட்டது வரியின் தொடக்கத்தில் தானாகவே விழுந்திருந்த நேற்று, காற்று. முதலெழுத்து இரண்டும் நெடில், இரண்டாம் எழுத்து இரண்டிலும் ஒன்றே. எதுகை. யாரும் சொல்லித்தராமலே அவள் காதில் அது இருந்திருக்கிறது. இறுதிப் பொருத்தத்தை ஒரு மாதத்துக்கு மறந்துவிட்டு, வரியை எதுகையில் தொடங்கி எங்கே வேண்டுமானாலும் முடி என்று சொன்னேன். அவள் அடுத்துக் கொண்டுவந்த பாட்டில் அந்த "இன்னார்" பாதிக்கு மேல் காணாமல் போயிருந்தார்.

கட்டையையும், அதாவது நீங்கள் பாடும் சுருதியின் உயரத்தையும் பாருங்கள். பெண் குரல்கள் பொதுவாக நான்கரையிலிருந்து ஆறு கட்டைக்குள் எங்கோ நிலைகொள்ளும். சினிமாப் பாட்டின் இசைத்தடத்தை வைத்துப் பாடிப் பழகியவர்களுக்கு அந்தத் தடத்தின் சுருதியே தங்களுடைய சுருதி என்று ஆகிவிடுகிறது. அந்தப் பாடகி எங்கே மூச்சு விட்டாரோ, எங்கே குரலை மெலியவைத்தாரோ, எல்லாம் அந்தச் சுருதியோடு சேர்ந்தே தொண்டையில் படிந்திருக்கும். அரைக் கட்டை இறக்கிப் பாடினால் அந்தப் பழக்கங்களுக்குக் கால் வைக்க இடமில்லாமல் போகிறது. சிலருக்கு இது உடனே பலிக்கிறது. சிலருக்கு வெறுமனே குரல் அடைத்தது போல் ஆகிறது. உங்களுக்கு எப்படி என்பதைச் செய்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இனி பேட்டியின் முதல் கேள்வி. தாக்கங்கள் என்று மூன்று சினிமா இசையமைப்பாளர்களின் பெயர்களை எழுதியிருக்கிறீர்கள். அவர்களை மறைக்க வேண்டியதில்லை. மருதூரில் பிறந்து வடலூரில் சபை கட்டிய வள்ளலாரைப் பாருங்கள், எங்கள் மாவட்டத்துக்காரர்தான். மாணிக்கவாசகரின் தாக்கத்தை அவர் ஒளிக்கவில்லை. "வான்கலந்த மாணிக்க வாசகநின் வாசகத்தை நான்கலந்து பாடுங்கால்" என்று அந்தத் தாக்கத்தையே பாட்டாக்கிவிட்டார். அதில் "நான்கலந்து" என்ற சொல்லை நான் எத்தனையோ முறை நின்று யோசித்திருக்கிறேன். பாடும்போது தானும் அதில் கலந்ததாகச் சொல்கிறார், கரும்புச் சாறும் தேனும் பாலும் கனியும் அப்புறம்தான் வருகின்றன. நீங்கள் அந்த மூவரில் எதை எடுத்தீர்கள், எதைக் கலந்தீர்கள் என்று வானொலியில் குறிப்பாகச் சொல்ல முடிந்தால் யாரும் உங்களை நகல் என்று சொல்லமாட்டார்கள். "அவர்கள் எனக்குக் கடவுள் மாதிரி" என்று சொன்னால்தான் நகல் என்பார்கள். அது பாராட்டு போல் இருந்தாலும் பதில் ஆகாது.

உங்கள் கேள்வியில் எனக்கு முக்கியமாகப் பட்டது நீங்கள் போகிற போக்கில் எழுதிய இரண்டு வரிகள். கொள்ளுத்தாத்தா சைகோனில் சொல்தாவாக, அதாவது பிரெஞ்சுப் படை வீரராக இருந்தவர், அவர் அனுப்பிய கடிதங்கள் ஒரு தகரப் பெட்டியில் கிடக்கின்றன என்பது ஒன்று. ஆயா இழவு வீடுகளில் ஒப்பாரி பாடுவார், சின்ன வயதில் அதைக் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வேன் என்பது இன்னொன்று. காதைப் பொத்திக்கொண்டு கேட்ட பாட்டு அவ்வளவு சுலபத்தில் வெளியே போகாது. ஒப்பாரியில் வரி செத்தவரை விளித்துத் தொடங்கும், நடுவில் ஒரே சுரத்தில் வார்த்தைகள் நெருக்கிக்கொண்டு ஓடும், முடிவில் குரல் கீழே வழுக்கி மூச்சோடு கரையும். அந்த வழுக்கல் உங்கள் பாட்டில் எங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள். இருக்கும் என்று பந்தயம் கட்டத் தயார், ஆனால் கேட்காமல் சொல்கிறேன் என்பதையும் நினைவில் வையுங்கள்.

உங்கள் ஊரில் இருந்தவர்தான் இதற்கு நல்ல சாட்சி. பாரதி 1908 முதல் 1918 வரை புதுவையில் வாழ்ந்தார். அங்கே எழுதிய குயில் பாட்டில், நகருக்கு மேற்கே சிறு தொலைவில் உள்ள மாஞ்சோலையில் ஒரு குயில் தன் நெஞ்சைப் பறிகொடுத்த ஓசைகளை வரிசையாகச் சொல்கிறது. மரங்களிடையே காற்று, கடலின் ஓலம், ஏற்றம் இறைப்பவரின் பாட்டு, நெல் குத்தும் பெண்களின் குக்கு, சுண்ணம் இடிப்பவர்களின் பண், வளைக்கரம் ஒலிக்கப் பெண்கள் வட்டமிட்டுக் கொட்டும் பாட்டு. குழலும் வீணையும் அதற்கப்புறம்தான் வருகின்றன. வித்துவான் பெயர் ஒன்றுகூட இல்லை. ஒரு பாடகர் தன் தாக்கங்களைச் சொல்வதற்கு இதைவிட நல்ல மாதிரி எனக்குத் தெரியாது. உங்கள் பட்டியலில் ஆயாவும், விடியற்காலை குபேர் மார்க்கெட்டில் மீன்காரப் பெண்கள் விலை கூவும் குரலும் முன்னால் வரட்டும், இசையமைப்பாளர்கள் பின்னால் வரட்டும்.

தேவனாம்பட்டினத்திலிருந்து ஒரு பையன் என்னிடம் வந்துகொண்டிருந்தான். சினிமாப் பாடகர் ஒருவரை அப்படியே உரித்து வைத்தது போல் பாடுவான். ஒரு நாள் மின்சாரம் போய்விட்டது. பொழுதுபோக்காக, உங்கள் தாத்தா கரைவலை இழுக்கும்போது என்ன பாடுவார் என்று கேட்டேன். கூச்சத்தோடு இரண்டு வரி பாடினான். குரல் வேறு, மூச்சு வேறு, ஆளே வேறு. ஒருவர் சின்னதாக ஒரு வரி எடுக்க, மற்றவர்கள் ஏலேலோ என்று பதில் சொல்லிக்கொண்டே கயிற்றை இழுக்கிற பாட்டு அது. வரியின் நீளத்தை இழுவைதான் தீர்மானிக்கிறது. அவன் பிறகு எழுதிய சொந்தப் பாட்டுகள் மீனவர் பாட்டுகள் இல்லை, காதல் பாட்டுகள்தான். ஆனால் வரிகள் குறுகிவிட்டன. அவன் பெரிய ஆளாக வந்துவிட்டான் என்று கதையை முடிக்க ஆசைதான். வரவில்லை. வெளிநாட்டில் வேலைக்குப் போய்விட்டான். பாட்டுகள் என்னிடம் பதிவாக இருக்கின்றன, நன்றாக இருக்கின்றன.

லட்சியம் பற்றிய இரண்டாவது கேள்விக்கு, உலகம் முழுவதும் என் பாட்டைக் கேட்க வேண்டும் என்று சொல்லப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். ஆசைப்படுவதில் தப்பில்லை. ஆனால் எந்தப் பாட்டு பிடித்துக்கொள்ளும் என்பது யாருக்கும் தெரியாது, தெரியும் என்று சொல்பவரிடம் பணம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் கைக்குள் இருக்கிற லட்சியம் ஒன்றைச் சொல்லுங்கள். கண்ணே, மணியே என்ற சொற்கள் இல்லாமல் ஒரு தாலாட்டு. சைகோன் கடிதங்களை வைத்து, சொல்தா ஒரு குரலும் ஊரில் காத்திருந்தவள் ஒரு குரலுமாக மாறி மாறிப் பாடும் பாட்டு. நொண்டிச் சிந்து என்ற பழைய பாட்டு வடிவில் ஒரு முழுக்கதை. பாஞ்சாலி சபதத்தில் பாரதி அந்தச் சிந்தைத்தான் எடுத்தாண்டார். அதே நூலின் முன்னுரையில் எளிய பதங்கள், எளிய நடை, பொதுஜனங்கள் விரும்பும் மெட்டு என்று தன் நோக்கத்தைச் சொன்னார். கும்மி, சிந்து, கண்ணி எல்லாம் பாடிப் பாடித் தேய்ந்து வழவழப்பான அச்சுகள், யாருக்கும் உரிமைத் தொகை (ராயல்டி) கட்ட வேண்டியதில்லை. கிதாரோடு அவை நன்றாகவே போகின்றன. மூன்று மூன்றாக எண்ணும் கும்மியின் மும்மை நடையை விரலால் மீட்டிப் பாருங்கள்.

எழுத வரவில்லை என்றால் பழைய கீர்த்தனை ஆசிரியர் சீர்காழி முத்துத்தாண்டவரின் வழி ஒன்று இருக்கிறது. அவர் தில்லைக்குப் போய், கோயிலில் காதில் விழும் முதல் சொல்லையே எடுப்பாக (பல்லவியாக) வைத்து அன்றைய பாட்டைப் பாடுவார் என்று சொல்வார்கள். ஐதிகம்தான், ஆனால் நல்ல பயிற்சி. வகுப்பில் செய்ய வைத்திருக்கிறேன். கடலூர் பேருந்து நிலையத்தில் விழும் முதல் சொல் எப்போதும் ஏதாவது ஊர்ப் பெயராக இருக்கும் என்பதால் எங்களுக்கு "பண்ருட்டி, பண்ருட்டி" என்று தொடங்கும் பாட்டுகள் நிறையச் சேர்ந்துவிட்டன.

மூன்றாவது, திட்டம். இதில் உறுதியாகச் சொல்லக்கூடியது பாட்டை "எடுத்துக்கொள்கிறோம்" என்ற அந்தப் பேச்சைப் பற்றி. நான் வழக்கறிஞர் இல்லை, பட்டுத் தெரிந்துகொண்டவன். கேசட் காலத்தில் என் ஆறு பாட்டுகளை ஒரு நிறுவனத்துக்கு வெறும் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். கேசட்டும் வரவில்லை, பாட்டும் திரும்பவில்லை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி பாட்டை எழுதி மெட்டமைத்த கணமே உரிமை உங்களுடையது, பதிவு செய்வது கட்டாயமில்லை. உங்கள் ஆயுளுக்கும் அதன் பின் 60 ஆண்டுகளுக்கும் அது நிற்கும். பிறருக்கு மாற்றிக் கொடுப்பதானால் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எந்தப் பாட்டு, என்னென்ன உரிமை, எத்தனை ஆண்டு, எந்த நாடுகள், எவ்வளவு தொகை என்று அதில் இருக்க வேண்டும். ஆண்டு குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். 2012 திருத்தத்துக்குப் பிறகு, பாட்டெழுதியவரும் மெட்டமைத்தவரும் உரிமைத் தொகையில் பாட்டை வாங்கியவரோடு சமபங்கு பெறுவதை விட்டுக்கொடுக்கவே முடியாது, வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர. நீங்கள் இரண்டும் ஆனவர். ஆகவே "எல்லா உரிமையும், எல்லாக் காலத்துக்கும், உலகம் முழுவதும்" என்று ஒரு வரி இருந்தால் கையெழுத்துப் போடாமல் ஊரில் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். அவருக்குக் கொடுக்கும் கட்டணம் நான் இழந்ததைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

சென்னைக்குப் போவது பற்றி என்னால் இப்படி அடித்துச் சொல்ல முடியாது. சுமார் 150 கிலோமீட்டர், பஸ்ஸில் போய்விட்டு அன்றைக்கே திரும்பிவிடலாம். கருவி வாசிப்பவர்களும் வேலையும் அங்கே அதிகம் என்பது உண்மை. போனவர்களில் சிலர் நிலைத்தார்கள், பலர் அடுத்தவர் பாட்டுக்குக் கோரஸ் பாடிக்கொண்டே தங்கள் பாட்டை மறந்தார்கள். எது யாருக்கு நடக்கும் என்று முன்கூட்டிச் சொல்லும் திறமை எனக்கு இல்லை. பதினொரு பாட்டு முப்பது ஆகும்வரை வேலையை விடாமல் இருப்பது நல்லது என்பது என் அபிப்பிராயம் மட்டுமே. முப்பதில் இருபதைத் தூக்கி எறிய மனம் வரும். பதினொன்றில் வராது. அதற்குள் பாடிக் காட்ட இடம் வேண்டும் என்றால் உங்கள் ஊரில் பஞ்சமில்லை. பிரான்ஸில் 1982இல் தொடங்கிய ஜூன் 21 இசை நாள் புதுவையிலும் கொண்டாடப்படுகிறது. தெருவில் நின்று பாடுகிறவரைக் கேட்பவர் மரியாதைக்காக உட்கார்ந்திருக்க மாட்டார். பாட்டு எந்த வரியில் விழுகிறது என்று அவர் காலடியே சொல்லிவிடும்.

பேட்டியில் பாடச் சொன்னால் முழு இசைக்கோப்போடு செய்த பதிவை ஒலிபரப்பாதீர்கள். ஒரு சுருதிப் பெட்டியும் நீங்களும் போதும். ஆயாவிடம் முந்தின நாள் ஒரு ஒப்பாரி வரியைக் கேட்டு, அவர் சம்மதித்தால் மட்டும், அதையும் இரண்டு வரி பாடுங்கள். சில வீடுகளில் இழவில்லாதபோது ஒப்பாரி எடுக்கக் கூடாது என்பார்கள், அவர் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். நிகழ்ச்சி முடிந்து கிளம்பும்போது பதிவின் நகலைக் கையோடு கேட்டு வாங்குங்கள். நான் பாடிய ஒரு நிகழ்ச்சியின் ஒலிநாடாவை அடுத்த வாரம் வாருங்கள் என்றார்கள், போனபோது அதன் மேல் விவசாயிகளுக்கான அறிவிப்பு ஏறியிருந்தது.